ட்யூனரில் பச்சை, ஒத்திகையில் ஷார்ப்: பேண்டில் ஃப்ளூட் வாசிப்பவர்கள் பேசும் இழை

கேள்வி, ஜூலை 3

கன்செர்ட் பேண்டில் இரண்டாம் ஃப்ளூட். ஒத்திகை ஆரம்பத்தில் சுருதி காட்டும் கருவியான ட்யூனரில் பச்சை விளக்கு, அதாவது சுருதி சரி. அரை மணி நேரத்தில் கண்டக்டர் "ஃப்ளூட் மேலே போகுது" என்கிறார். சுருதி ஏறுகிறது, அதாவது ஷார்ப். குழலின் தலைப்பகுதியான ஹெட்ஜாயின்ட்டை இன்னும் வெளியே இழுத்தால் சில நோட்டுகள் சரியாகின்றன, சில ஃப்ளாட் ஆகின்றன, அதாவது சுருதி இறங்குகின்றன. ட்யூனரை ஸ்டாண்டிலேயே மாட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டையும் பார்த்துப் பார்த்து வாசிப்பதுதான் ஒரே வழி என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லவும்.

ஜூலை 3, இரவு

மறுக்கிறேன். மூன்று வேறு வேறு சிக்கலை ஒரே இழுப்பில் தீர்க்கப் பார்க்கிறீர்கள். சூட்டால் ஏறும் சுருதி ஒன்று. குழலின் அமைப்பிலேயே ஏறி நிற்கும் நோட்டுகள் இரண்டாவது. ஊதும் வேகம் மூன்றாவது. ஹெட்ஜாயின்ட் முதலாவதற்கு மட்டும்தான் மருந்து.

காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரி செல்சியசுக்கு வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். சுருதிக் கணக்கில் அது டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட் (ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). மூச்சின் சூடு குழாய்க்குள் ஏற்கெனவே இருப்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் குளிர்ந்த குழலில் சுருதி சேர்த்துவிட்டு 20 நிமிடம் வாசித்தால் ஏறியே தீரும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பார்த்த பச்சை விளக்குக்கு எந்த மதிப்பும் இல்லை.

செய்ய வேண்டியது: ஊதுதுளையை உதட்டால் முழுதாக மூடி, எல்லாச் சாவிகளையும் அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் நாலைந்து முறை சூடான மூச்சை உள்ளே விடுங்கள். பிறகு ஐந்து நிமிடமாவது நீண்ட சுரங்கள். அதன்பிறகு ட்யூனர். நீண்ட ரெஸ்ட் (வாசிக்காமல் இருக்கும் இடம்) வந்தால், மறுபடி நுழைவதற்கு நாலு பார் (தாளச் சுற்று) முன்னால் அதே சூடான மூச்சு. 40 பார் சும்மா இருந்த குழல் குளிர்ந்து போயிருக்கும். அதில் முதல் நோட்டு ஃப்ளாட்டாக வருவதைக் கேட்டுப் பதறி உள்ளே தள்ளுவீர்கள், அடுத்த பக்கத்தில் ஷார்ப்.

ஜூலை 4

"இழுத்தால் சில சரி, சில ஃப்ளாட்" என்றீர்களே, அதற்குக் கணக்கு இருக்கிறது. நோட்டுக்கு நோட்டு ஒலிக்கும் குழாயின் நீளம் வேறு. ஒரு மில்லிமீட்டர் இழுத்தால்:

கீழ் சி: ஒலிக்கும் நீளம் சுமார் 66 செ.மீ. இறக்கம் 3 சென்டுக்கும் குறைவு.
ஏ (440): சுமார் 39 செ.மீ. இறக்கம் 4 சென்டுக்குச் சற்று மேல்.
விரல்கள் தூக்கிய சி ஷார்ப் (இங்கே ஷார்ப் நோட்டின் பெயர்): சுமார் 31 செ.மீ. இறக்கம் 5 சென்டுக்கு மேல்.

அதாவது இழுக்க இழுக்க இடது கை நோட்டுகள் வேகமாக இறங்கும், வலது கை நோட்டுகள் மெதுவாக. பத்து மில்லிமீட்டர் இழுத்த குழலில் ஸ்கேல் கோணிவிடும். பெரும்பாலான குழல்கள் 3 முதல் 6 மி.மீ. வரை இழுத்த நிலையில் வாசிக்கத்தான் செய்யப்பட்டவை. அதைத் தாண்டித் தேவைப்பட்டால், மிகுதி உதட்டிலோ மூச்சிலோ இருக்கிறது என்று அர்த்தம். முழுதாக உள்ளே தள்ளியும் ஃப்ளாட் என்றாலும் அதே பதில்தான். பெரும்பாலும் ஊதுதுளையை உதட்டால் அளவுக்கு மேல் மூடியிருப்பீர்கள்.

ஜூலை 4, பிற்பகல்

ட்யூனர் விஷயம். கண்ணால் பார்த்து உதட்டைத் திருத்துவதற்குள் நோட்டு முடிந்துவிடும். பக்கத்தில் ட்ரம்பெட் ஒலித்தால் ட்யூனர் யாருடைய சுருதியைக் காட்டுகிறது என்பதே சந்தேகம். குழலில் ஒட்டும் மைக் வைத்தால் அது தீரும், ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் பாக்கி இருக்கிறது. பி ஃப்ளாட் மேஜர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) நடு நோட்டு டி உங்களிடம் இருந்தால், கார்டு சுத்தமாக நிற்க அந்த டி ட்யூனர் காட்டுவதைவிட 14 சென்ட் கீழே இருக்க வேண்டும். பச்சை விளக்கில் நிறுத்தினால் கார்டு கசக்கும், ட்யூனர் உங்களைப் பாராட்டும். ஐந்தாம் சுரமான எஃப் என்றால் 2 சென்ட் மேலே, கண்டுகொள்ளத் தேவையில்லை. ஜி மைனர் கார்டில் பி ஃப்ளாட் உங்களிடம் என்றால் 16 சென்ட் மேலே.

பேண்டில் ஃப்ளூட்டுக்குத் தரும் நீண்ட நோட்டுகளில் நிறைய இப்படி மூன்றாம் சுரம்தான். ட்யூபாவைக் கேளுங்கள். அது கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள், அல்லது கேட்கவே இல்லை.

ட்யூனரின் இடம் வீடு. எந்த நோட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பட்டியல் போட மட்டும்.

ஜூலை 6

அந்தப் பட்டியலைக் கேட்டிருக்கிறீர்கள். குழலுக்குக் குழல் மாறும், ஆனால் இவை பொது:

விரல்கள் தூக்கிய சி ஷார்ப், அதன் மேல் சி ஷார்ப் இரண்டும் ஏறும். தியோபால்ட் போம் 1847-இல் கொடுத்த உருளைக் குழாய் அமைப்பில் அந்தச் சின்னத் துளைக்கு இரட்டை வேலை: சி ஷார்ப்புக்கும் அதுதான், நடு டி, ஈ ஃப்ளாட் முதலியவற்றுக்குக் காற்றுவழியும் அதுதான். இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடத்தில் சமரசம் செய்திருப்பதால் சி ஷார்ப் மெலிந்தும் ஏறியும் வரும். தாடையைச் சற்றே பின்னுக்கு வாங்கிக் காற்றைக் கீழ்நோக்கி விடுங்கள். நீண்ட நோட்டு என்றால் வலது கையின் இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்து அழுத்தினால் இறங்கும், நிறமும் கனக்கும்.

மேல் ஸ்தாயி ஈ: ஏறும், போதாக்குறைக்கு உடையும். வலது சுண்டுவிரலைத் தூக்கிவிட்டு ஊதிப் பாருங்கள். நோட்டு நிதானமாக நிற்கும், சுருதியும் கொஞ்சம் இறங்கும். மேல் ஈ-யைச் சீராக்கும் ஸ்ப்ளிட்-ஈ அமைப்புள்ள குழலில் இந்தத் தொல்லை குறைவு.

மேல் ஜி ஷார்ப்: ஏறும். வேகமாகக் கடந்தால் யாருக்கும் தெரியாது. நிறுத்திப் பிடித்தால் எல்லோருக்கும் தெரியும்.

நடு டி, ஈ ஃப்ளாட் இரண்டிலும் இடது ஆள்காட்டி விரலைத் தூக்காமல் வாசிப்பவர்கள் எந்த வரிசையிலும் ஒருவர் உண்டு. நோட்டு வரும், ஆனால் மூக்கடைத்த மாதிரி வரும். மேலே சொன்ன காற்றுவழியை மூடிவிட்டால் வேறெப்படி வரும்?

ஜூலை 6, இரவு

மூன்றாவது சிக்கல்: மூச்சு. ஃப்ளூட்டில் சத்தமாக ஊதினால் சுருதி ஏறும், மெதுவாக ஊதினால் இறங்கும். க்ளாரினெட்டில் நேர் எதிர். அதனால் இரண்டு வரிசையும் சேர்ந்து கிரெஷெண்டோ (சத்தம் கூடிக்கொண்டே போவது) போகும்போது ஒருவரை விட்டு ஒருவர் விலகுவது இயல்பு, யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை.

சத்தம் கூடும்போது உதட்டுத் துளையை விரித்து, காற்றின் திசையைக் கீழே சாய்க்க வேண்டும். குறையும்போது துளையைச் சிறிதாக்கி, கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்து, காற்றின் திசையைச் சற்று மேலே. அளவுதான் குறைய வேண்டும், வேகம் குறையக் கூடாது. வேகத்தைக் குறைத்து மெதுவாக வாசிப்பவர்கள் டிமினுயெண்டோவின் (சத்தம் குறைந்துகொண்டே போவது) கடைசியில் 20, 30 சென்ட் இறங்கிப்போய் நிற்பார்கள்.

குழலை உள்ளே வெளியே உருட்டிச் சுருதியைத் திருத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு உருட்டலிலும் ஊதும் கோணமும் தொனியும் விரல்களின் பிடியும் சேர்ந்து மாறும்.

ஜூலை 9

ஒரு க்ளாரினெட்காரர் இழையில் நுழைந்து, "என் ஜி உங்களோடு சேரவே மாட்டேன் என்கிறது" என்கிறார். அவருடைய தாளில் ஜி என்று எழுதியது ஒலிப்பில் நம் எஃப். கண்டக்டர் "கன்செர்ட் எஃப்" என்றால் ஃப்ளூட் எஃப், க்ளாரினெட் ஜி, ஆல்டோ சாக்ஸ் டி, ஹார்ன் சி. ஃப்ளூட்டுக்கு எழுதியதும் ஒலிப்பதும் ஒன்றே என்பதால் நாம் இதைக் கற்றுக்கொள்ளாமலே காலம் தள்ளுகிறோம். இடைவேளையில் சுருதி பேசும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சுருதி சேர்க்கும் நேரத்தைப் பற்றியும் ஒன்று. பேண்டுகள் பெரும்பாலும் கன்செர்ட் பி ஃப்ளாட்டில் சேர்க்கின்றன. பித்தளைக் கருவிகளுக்கு வசதி. நமக்கு அந்த ஒரு நோட்டு போதாது. பி ஃப்ளாட்டைச் சரிபார்க்க: கீழ் ஈ ஃப்ளாட் விரலைப் பிடித்து, அதையே மிகையாக ஊதி மூன்றாவது ஹார்மோனிக்குக்கு (கீழ் நோட்டின் மும்மடங்கு அதிர்வெண்ணுக்கு) ஏற்றுங்கள். அது நடு பி ஃப்ளாட். பிறகு வழக்கமான விரலில் அதே நோட்டு. இரண்டுக்கும் இடையே பெரிய தாவல் இருந்தால் உதடு எங்கேயோ நெருக்குகிறது. ஏ-வுக்கு இதே சோதனையைக் கீழ் டி விரலில் செய்யலாம்.

ஸ்தாயிகளே ஒன்றோடொன்று சேரவில்லை என்றால், உதட்டைக் குறை சொல்லும் முன் ஹெட்ஜாயின்ட்டின் முனையை அடைக்கும் கார்க்கைப் பாருங்கள். துடைக்கும் குச்சியின் ஒரு முனையில் ஒரு கோடு இருக்கும். அந்த முனையை ஹெட்ஜாயின்ட்டுக்குள் விட்டால் கோடு ஊதுதுளையின் நடுவில் தெரிய வேண்டும், அடைப்பிலிருந்து சுமார் 17 மி.மீ. முனையில் உள்ள மூடியை யாராவது சும்மா சும்மா முறுக்கிக்கொண்டிருந்தால் கார்க் நகர்ந்திருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களைச் சந்தேகிக்கலாம்.

ஜூலை 10

மேலே சூட்டைப் பற்றி எழுதியதற்கு ஓர் இடைச்செருகல். உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் க்ளாக்கன்ஸ்பீல் சூட்டில் ஏறாது. உலோகத் தகடு சூடானால் இம்மியளவு இறங்கும். மார்ச்களில் நம் வரியை அது அப்படியே இரட்டிக்கும் இடங்கள் நிறைய. கூடம் சூடாகி நாம் ஏறியிருக்கும்போது அந்த இடத்தில் பல் கூசும். அதைத் திருத்த முடியாது, நாம்தான் இறங்க வேண்டும். அது ஏ = 442 ஹெர்ட்ஸுக்குச் செய்ததா, 440-க்குச் செய்ததா என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

ஜூலை 13

எட்டுப் பேர் ஃப்ளூட் வாசிக்கிற வரிசை என்கிறீர்கள். அப்படியானால் கேள்வியின் பாதிக்குப் பதில் அங்கேயே கிடைக்கிறது. மேல் ஸ்தாயி எஃப்-க்கு மேலே எட்டுப் பேர் ஒரே நோட்டைப் பிடித்தால், ஒவ்வொருவரும் பத்து சென்டுக்குள் இருந்தாலும் அது சேராது. அந்த உயரத்தில் அதிர்வெண் 1400-க்கு மேல். பத்து சென்ட் விலகலே வினாடிக்கு எட்டு முறை அலையடிக்கும். கேட்பவர் காதில் அது "ஷார்ப்" என்றுதான் பதியும்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: மெதுவான, வெளிப்படையான இடங்களில் வரிக்கு ஒருவரோ இருவரோ மட்டும். கண்டக்டரிடம் வரிசைத் தலைவர் கேட்டு பென்சிலால் எழுதிவிட வேண்டும். தானாக நிறுத்திக்கொள்வது வேறு. எல்லோரும் தனித்தனியாக அப்படி நினைத்து ஒருவரும் வாசிக்காத பார்கள் வரும்.

இரண்டாம் ஃப்ளூட்டுக்கு மட்டும்: உங்கள் வரி கீழ் ஸ்தாயியில் இருக்கும். அது க்ளாரினெட்டுக்கும் ஹார்னுக்கும் அடியில் புதைந்துபோவது எழுதியவரின் வேலை, உங்கள் குற்றமல்ல. கேட்கவில்லை என்று காற்றை அள்ளி வீசினால் நோட்டு உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவும். துளையைச் சிறிதாக வைத்து, காற்றைக் கீழே சாய்த்து, தொனியில் விளிம்பைக் கொண்டுவந்தால் கேட்கும். முதல் ஃப்ளூட்டோடு ஆக்டேவில் (ஒரு ஸ்தாயி இடைவெளியில்) போகும் இடங்களில் நீங்கள் சற்றுக் கூடுதலாக வாசித்தால் மேலே இருப்பவர்களுக்குச் சுருதி தானாக அமையும். வரிசையின் சுருதி இரண்டாம் ஃப்ளூட்டிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஜூலை 14

மூச்சு மாற்றி எடுப்பது பற்றி. ஃப்ளூட்டில் நாணலோ ஊதுகுவளையோ தடுத்து நிறுத்தாது, காற்று நேராக வெளியே போகிறது. அதனால் அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும். நீண்ட வரியில்:

பார் கோட்டில் எடுக்காதீர்கள். எல்லோருக்கும் அங்கேதான் தோன்றும்.
பக்கத்தில் இருப்பவரோடு பேசி, அவர் எடுக்கும் இடத்துக்கு இரண்டு பார் தள்ளி மூச்சுக்கான காற்புள்ளி போடுங்கள்.
தீர்ந்தபிறகு அல்ல, பாதி இருக்கும்போதே எடுங்கள்.
வெளியேறும் முன் சத்தத்தைக் குறைத்து, நாக்கு வைக்காமல் மெதுவாகத் திரும்ப நுழையுங்கள்.

கடைசியதை விட்டால் மற்ற மூன்றும் வீண்.

ஜூலை 15

நாற்காலி. ஸ்டாண்டுக்கு நேராக உட்கார்ந்தால் வலது தோள் பின்னால் இழுபடும், குழல் கீழே சாயும், ஊதுதுளையின் கோணம் மாறும். நாற்காலியை வலப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை திருப்பி வைத்து, தலையை மட்டும் இடப்பக்கம் ஸ்டாண்டை நோக்கித் திருப்புங்கள். ஸ்டாண்டைப் பகிர்ந்தால் இடதுபுறம் இருப்பவரின் குழல் வலதுபுறம் இருப்பவரின் காதுக்குப் போகும். ஒருவர் அரையடி முன்னே நகர்ந்தால் போதும். இடம் இல்லை என்று குழலைத் தோளில் சாய்த்து வாசிப்பவர்களின் சுருதி பற்றித் தனியே சொல்ல வேண்டாம்.

ஜூலை 19

சின்ன ஃப்ளூட்டான பிக்கலோவையும் பேச்சில் இழுத்துவிட்டீர்கள். சரி.

எழுதியதற்கு ஓர் ஆக்டேவ் மேலே ஒலிக்கும். வழக்கமான பிக்கலோவில் கீழ் டி-க்குக் கீழே நோட்டு இல்லை. உதட்டில் ஃப்ளூட்டைவிடச் சற்று மேலே வைக்க வேண்டும். ஃப்ளூட்டிலிருந்து மாற நாலு பார் கொடுத்திருந்தால், அதில் முதல் பாரில் குழல் கையில், மூன்றாவதில் சூடான மூச்சு, நாலாவதில் உதடு இடத்தில். மரப் பிக்கலோ என்றால் குளிரில் எடுத்தவுடன் சூடாகப் பலமாக ஊதாதீர்கள், விரிசல் விடும். முதலில் வெளிப்புறத்தைக் கைச்சூட்டில் வைத்திருங்கள். வலது காதில் காதடைப்பான், வீட்டுப் பயிற்சியிலும்.

பழைய மார்ச் தாள்களில் "டி ஃப்ளாட் பிக்கலோ" என்று அச்சிட்டிருந்தால் கவனம். அது எழுதியதற்கு ஓர் ஆக்டேவும் ஓர் அரைச்சுரமும் மேலே ஒலிக்கும் கருவி. இன்றைய சி பிக்கலோவில் அந்தத் தாளை அப்படியே வாசித்தால் பேண்டைவிட அரைச்சுரம் கீழே இருப்பீர்கள். ஜான் ஃபிலிப் சூசா 1896-இல் எழுதிய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' மார்ச்சின் ட்ரியோ (பின்பாதிப் பகுதி) கன்செர்ட் ஏ ஃப்ளாட்டில் இருக்கிறது. டி ஃப்ளாட் தாளில் அது ஜி மேஜர். பிக்கலோவின் பெயர்பெற்ற தனிவரி வருவதும் அந்த ட்ரியோவில்தான், எனவே தாளைப் பார்த்து "ஒரே ஒரு ஷார்ப், சுலபம்" என்று நிம்மதியடைய வேண்டாம். சி பிக்கலோவுக்கு மாற்றி எழுதிய தாள் இருக்கிறதா என்று நூலகப் பொறுப்பாளரை ஒத்திகைக்கு முன்பே கேளுங்கள்.

ஜூலை 20

சின்ன நோட்டில் அச்சிட்ட க்யூ (வராத கருவிக்குப் பதிலாக வாசிக்க உங்கள் தாளில் தந்த வரி): பெரும்பாலும் ஓபோவுடையது. ஓபோ வந்திருக்கிறாரா என்று திரும்பிப் பாருங்கள். கண்டக்டர் சொன்னால் மட்டும் வாசியுங்கள். வாசிப்பது யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் நாலு பேர் வாசிக்கும் ஓபோ தனிவரி கிடைக்கும்.

ஜூலை 24

பி ஃப்ளாட்டுக்கு எந்த விரல் என்ற சண்டை இழையில் எதிர்பார்த்ததுதான். பேண்டு இசையில் பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட் மேஜர்கள்தான் அதிகம், ஆகவே இடது கட்டைவிரல் பி ஃப்ளாட் சாவி மிகவும் பயன்படும். "அது குறுக்குவழி, பழகக் கூடாது" என்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. சாவியை அங்கே வைத்ததே அதற்குத்தான்.

ஆனால் அதில் கட்டைவிரல் இருக்கும்போது பி நேச்சுரல் வராது. மேல் ஸ்தாயி எஃப் ஷார்ப்பும் சரியாக வராது. ஓடும் வரியில் கட்டைவிரலைச் சறுக்கி மாற்ற நேரம் கிடைக்காது. எனவே வரியை முன்கூட்டியே பார்த்து, பி நேச்சுரலோ மேல் ஜி ஃப்ளாட்டோ (எஃப் ஷார்ப்பின் இன்னொரு பெயர்) வருகிறதா என்று பார்த்து, வந்தால் அந்த இடத்தில் வலது ஆள்காட்டி விரலைச் சேர்க்கும் நீண்ட விரல். பி ஃப்ளாட்டும் பி நேச்சுரலும் மாறி மாறி வரும் க்ரோமாட்டிக் இடங்களில் வலது கைப் பக்கச்சாவி. ஏ–பி ஃப்ளாட் ட்ரில்லுக்கும் அதுவோ வலது ஆள்காட்டி விரலோ. எந்த இடத்தில் எது என்று தாளில் பென்சிலால் குறித்துவிட்டால் இந்த வாக்குவாதமே தேவையில்லை.

ஜூலை 27

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: இழுப்பு 5 மி.மீ.-இல் நிறுத்தியாகிவிட்டது, ட்யூனர் பைக்குள் போய்விட்டது, மேல் ஈ மட்டும் இன்னும் ஏறுகிறது, ஜி ஷார்ப் சாவி ஒட்டுகிறது.

மேல் ஈ-க்குச் சுண்டுவிரல் தூக்கியும் போதவில்லை என்றால், அந்த நோட்டுக்குப் பயந்து முன்கூட்டியே காற்றைத் தள்ளுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வீட்டில் ஏ-விலிருந்து ஸ்லர் போட்டு (நாக்கு வைக்காமல் இணைத்து), மெதுவாக, சத்தம் கூட்டாமல் ஏறிப் பாருங்கள்.

சாவி ஒட்டுவது பேடில் (துளையை மூடும் மெத்தையில்) ஈரம். பசை இல்லாத சிகரெட் தாளைப் பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து, சாவியை மெல்ல அழுத்தி, விட்டபிறகு தாளை எடுங்கள். அழுத்தியபடியே தாளை இழுத்தால் பேடின் தோல் கிழியும். பவுடர் போடாதீர்கள். இடைவேளையில் ஒருமுறை குழாயைத் துடைத்துவிடுங்கள், ஈரத் துணியைப் பெட்டிக்குள் குழலோடு வைத்து மூடாதீர்கள். குழலைக் கீழே வைக்கும்போது சாவிகள் மேற்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் தண்ணீர் நேராகப் பேடுக்குத்தான் போகும். இணைப்புகளுக்கு க்ரீஸும் வேண்டாம். அது க்ளாரினெட்டின் கார்க்குக்கு. இங்கே உலோகத்தில் உலோகம், சுத்தமான துணியால் துடைத்தாலே போதும்.

இதற்குப் பிறகும் ஒட்டினால் பேட் கிழிந்திருக்கும் அல்லது ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். ஸ்ப்ரிங்கை நீங்களே வளைக்க வேண்டாம்.